மிளகு பருமன் ஈயத்துக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறீர்களா? பலகை நிறைய வண்ணப் பலூன்கள், ஒரு ஏர் ரைபிள், பத்து பெல்லட், காற்றில் சுண்டல் வாசம். சிறுவயதில் அந்தக் கட்டையை முதல்முறை தோளில் வைத்தபோது, என் முதல் ஐந்து குண்டுகளும் பலகையைத்தான் துளைத்தன. கடைக்காரர் குனிந்து சொன்னார்: "தம்பி, மூச்சைப் பாதி வெளியே விட்டுட்டு நிறுத்து. அப்புறம் மெதுவா அமுக்கு. வெடுக்குன்னு இழுக்காதே." ஆறாவது குண்டுக்குச் சிவப்புப் பலூன் வெடித்தது!

அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்கள்தான் ஒலிம்பிக் சுடுதளத்திலும் பாலபாடம், தெரியுமா? அன்றிலிருந்து எனக்குச் சிறு ரைபிள்கள்மேல் தீராத ஆசை. குறி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொள்ள நினைப்பவர்கள் எந்த ரைபிளில் தொடங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம், உலகெங்கும் பழகியவர்கள் சொல்லும் பதில் ஒன்றே: பாயிண்ட் டூ டூ! அதாவது .22. அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்.

முதலில் அளவு. ஓர் அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு, ஏறக்குறைய 5.6 மி.மீ. நல்ல பருத்த மிளகு ஒன்றின் விட்டம்! குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். ஒரு பவுன் தங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. 'கிரெய்ன்' என்றால் என்ன தெரியுமா? தானிய மணி! நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியை வைத்துப் பொன் நிறுத்தார்களே, அதேபோல ஐரோப்பியர்கள் பார்லி மணியை வைத்து நிறுத்தார்கள். ராக்கெட் விடும் காலத்திலும் தோட்டாப் பெட்டியில் எடை இன்னும் தானியக் கணக்கில்தான் அச்சாகிறது. நம் கணக்கில் சொன்னால் அந்தக் குண்டு சுமார் 21 குன்றிமணி எடை!

இது பிறந்த கதை இன்னும் வியப்பு. 1845-ஆம் ஆண்டு, பிரான்ஸ். அந்தக் காலத்தில் துப்பாக்கி என்றால் குழலுக்குள் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கிட்டித்து, பின்புறம் ஒரு சின்னச் செப்புத் தொப்பியை மாட்டிச் சுட வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப் இருக்கிறதே, அதன் மூத்த அண்ணன்தான் அந்தத் தொப்பி. லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்பவருக்கு ஒரு யோசனை. மருந்தே வேண்டாம், அந்தத் தொப்பியின் வாயிலேயே ஒரு சின்ன ஈயக் குண்டை உட்கார வைத்தால் என்ன? வைத்தார். சுட்டார். குண்டு பறந்தது! வெறும் கேப்பின் வேகத்தில்! சத்தம் குறைவு, புகை குறைவு. பணக்கார வீடுகளில் விருந்து முடிந்ததும் கூடத்திலேயே பலகை மாட்டிக் குறி சுடும் பழக்கம் பரவியது. இன்று உலகில் ஓடும் .22 அனைத்துக்கும் கொள்ளுத்தாத்தா அந்தக் கூடத்துத் துப்பாக்கிதான்.

அங்கிருந்து கதை அமெரிக்காவுக்குத் தாவுகிறது. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் அந்தத் தொப்பியைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே சிட்டிகை மருந்து வைத்து, .22 ஷார்ட் என்ற தோட்டாவைத் தன் முதல் ரிவால்வருக்காகக் கொண்டுவந்தது. 1857! இங்கே சிப்பாய்ப் புரட்சி வெடித்த அதே ஆண்டு. அன்று பிறந்த தோட்டா இன்றும் தயாராகிறது! 1871-இல் அதைவிட நீளமான .22 லாங். பிறகு 1887-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டீவன்ஸ் நிறுவனம் அந்த நீளமான குப்பியில் கனமான 40 கிரெய்ன் குண்டைப் பொருத்தியது. அதுதான் .22 லாங் ரைபிள். நம் ராமானுஜன் ஈரோட்டில் பிறந்த அதே வருடம்! கல்லூரிச் சுடுதளம், குடும்பத் தோட்டம், ஒலிம்பிக் அரங்கம் என்று எங்கே போனாலும் இன்றும் அதே தோட்டாதான்.

இதன் உள்ளமைப்பைக் கேளுங்கள். பெரிய தோட்டாக்களில் தீப்பொறி தரும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும். .22-இல் அதற்குத் தனி இடமே கிடையாது! குப்பியின் அடியில் சாப்பாட்டுத் தட்டின் விளிம்புபோல ஒரு வளையம் இருக்கிறதே, அதற்குள்தான் மருந்து ஒளிந்திருக்கிறது. ஈரமான மருந்தைக் குப்பிக்குள் இட்டு, பம்பரம்போல் சுழற்றுவார்கள். தயிர் கடையும்போது ஓரத்துக்கு ஒதுங்குவதுபோல மருந்து விளிம்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல் முள் அந்த விளிம்பை நசுக்கினால் பொறி! நசுங்கிய குப்பியை மறுபடி நிரப்ப முடியாது. அதனால்தான் ரைபிள்காரர்களில் பலர் மற்ற தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பினாலும் இதை மட்டும் கடையில் வாங்கியே தீர வேண்டும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே திறக்கக் கூடாது. குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிடம் பொறுங்கள். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. இன்னொன்று: தோட்டா இல்லாமல் வெறுமனே 'டிக்' என்று விசையை அழுத்திப் பழகுவது பல .22 ரைபிள்களுக்கு ஆகாது. விளிம்பில் இறங்க வேண்டிய முள் குழலின் ஓரத்தையே கொத்திவிடும். எந்த மாடலில் அது பரவாயில்லை என்பதைத் தயாரிப்பாளர் தரும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, ரைபிளைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. பலருக்கு இது தெரியாது! வலது கைக்காரர் எல்லோருக்கும் வலது கண் தலைமைக் கண் அல்ல. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டைவிரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விடுங்கள். தூரத்தில் ஒரு கடிகாரத்தையோ மின்விளக்கையோ இரு கண்களாலும் அந்த ஓட்டை வழியே பாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். பொருள் அங்கேயே நின்றால் திறந்திருக்கும் கண்தான் தலைமைக் கண். மறைந்துவிட்டால் மற்றது! வலது கையால் எழுதி இடது கண்ணால் குறிபார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை அறியாமல் வருடக்கணக்கில் 'எனக்கு இந்தக் கலை வராது' என்று ஒதுங்கியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அரை நிமிடச் சோதனை இது!

அடுத்து உடம்புக்கு ஏற்ற நீளம். சட்டைக்குத் தையற்காரர் அளவெடுப்பதுபோல ரைபிளுக்கும் அளவு உண்டு. கட்டையின் பின்முனையிலிருந்து விசை வரையுள்ள நீளம் பெரியவர்களுக்கான ரைபிள்களில் சுமார் 34 செ.மீ. இருக்கும். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிக்கணு விசைக்கு எட்டினால் ஏறக்குறையப் பொருந்துகிறது என்று அர்த்தம். எட்டவில்லையா? அது எவ்வளவு புகழ்பெற்ற ரைபிளாக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல. கன்னம் கட்டையில் படியும் இடம் ஒவ்வொரு முறையும் ஒரே இடமாக இருக்க வேண்டும். அதற்காகவே போட்டி ரைபிள்களில் கன்னப்பலகையையும் பின்தட்டையும் திருகி ஏற்றி இறக்கலாம். அவற்றைப் பார்த்தால் துப்பாக்கி மாதிரியே இருக்காது, பல் மருத்துவரின் நாற்காலிபோல அத்தனை திருகாணிகள்!

உதைக்குமா என்ற பயம் வேண்டவே வேண்டாம். மூன்று கிலோ ரைபிளுக்கு முன்னால் 2.6 கிராம் குண்டு எம்மாத்திரம்? கட்டை பின்னால் வரும் வேகம் விநாடிக்கு ஒரு அடி அளவுதான், தவழும் குழந்தையின் வேகம். தோள் அதிராததால் கண் இமைக்காது. கண் இமைக்காததால் குண்டு ஏன் தவறியது என்று நீங்களே பார்ப்பீர்கள். பெரிய துப்பாக்கி உங்கள் தவறுகளைத் தன் சத்தத்தில் மறைத்துவிடும், சின்ன ரைபிள் மறைக்காது. இதைவிடச் சிறந்த ஆசான் கிடையாது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

எந்த வகை இயக்கம்? ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளும் போல்ட், கீழே உள்ள வளையத்தை ஆட்டும் லீவர், முன்பிடியை இழுக்கும் பம்ப், விசையை மட்டும் அழுத்தினால் போதும் என்னும் செமி ஆட்டோமேட்டிக். இவற்றில் சிலவற்றுக்குச் சுவையான கதை உண்டு.

பம்ப் ரைபிளின் கதை எனக்கு மிகப் பிடித்தது. ஜான் பிரௌனிங் என்ற மேதை ஒரு .22 பம்ப் ரைபிளின் வரைபடத்தை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு அனுப்பினார். பொறியாளர்கள் ஆராய்ந்து, இது வேலை செய்யாது என்று எழுதிவிட்டார்கள். அவர் வாதாடவில்லை. கையாலேயே ஒன்றைச் செய்து அனுப்பிவைத்தார்! அது அருமையாகச் சுட்டது. 1890 மாடல் என்ற பெயரில் வந்து 8 லட்சத்துக்கும் மேல் விற்றது! அமெரிக்காவின் திருவிழாக்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் தகர வாத்துகளைச் சுடும் கடைகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது அந்த ரைபிள்தான். நம் மெரினா பலூன் கடைக்கு அங்கே ஒரு உடன்பிறப்பு, அதில் நிஜமான .22 ஷார்ட் தோட்டா!

பலூன் கடை என்றதும் ஏர் துப்பாக்கியின் கதையும் நினைவுக்கு வருகிறது. காற்றாலை நிறுவனம் துப்பாக்கி நிறுவனமான கதை தெரியுமா? மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் ஊரில் விவசாயிகளுக்கு இரும்புக் காற்றாலை விற்ற நிறுவனம் அது. 1880-களின் கடைசியில், காற்றாலை வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன ஏர் துப்பாக்கியை இலவசமாகக் கொடுத்தார்கள். காற்றாலையை விட இலவசத்துக்குக் கிராக்கி! 1895-இல் நிறுவனம் காற்றாலையை விட்டுவிட்டு டெய்சி என்று பெயரையே மாற்றிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பிள்ளைகள் முதலில் தொட்ட துப்பாக்கி டெய்சிதான்.

செமி ஆட்டோமேட்டிக்குக்கு வருவோம். நைலானில் ரைபிள் செய்ததைக் கேட்டிருக்கிறீர்களா? 1959-இல் ரெமிங்டன் நிறுவனம் மரக்கட்டையைத் தூக்கிப்போட்டு, தன் தாய் நிறுவனமான டூபாண்ட் உருவாக்கிய நைலானில் கட்டையை வார்த்தது. பெயரே நைலான் 66! பொம்மை என்று ஒதுக்கியவர்களின் வாயை அடைக்க, டாம் ஃப்ரை என்ற அவர்களுடைய ஆள் மேலே எறியப்பட்ட சின்ன மரத்துண்டுகளைப் பறக்கும்போதே சுட்டார். எத்தனை? 1,00,010 துண்டுகள்! தவறியவை ஆறே ஆறு! அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1907 டிசம்பரில் டெக்ஸஸின் சான் அன்டோனியோவில் ஆட் டாப்பர்வைன் பத்து நாட்கள் நின்று 72,500 துண்டுகளைச் சுட்டு ஒன்பதைத்தான் தவறவிட்டிருந்தார். அவர் கையில் இருந்ததும் .22 தான். பத்து நாள்! கை என்ன பாடுபட்டிருக்கும்!

1964-இல் வந்த ரூகர் 10/22 பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அதன் மேகசின் பெட்டி வெளியே துருத்தாமல் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். உள்ளே நட்சத்திர வடிவச் சக்கரம் ஒன்று பத்துத் தோட்டாக்களை ராட்டினம்போல் சுமந்து ஒவ்வொன்றாக மேலே தரும். குழலைப் பிடித்திருப்பது இரண்டே திருகாணிகள். அதனால் வீட்டு மேசையிலேயே குழலையும் கட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். பல லட்சக்கணக்கில் விற்ற ரைபிள்.

இத்தனை இருந்தும் முதல் ரைபிள் எது என்று என்னைக் கேட்டால் போல்ட்தான். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு நிமிடம் நிதானிக்க வைக்கும். குழலின் பின்முனை அறையில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். செக் நாட்டின் உஹெர்ஸ்கி பிராட் ஊரில் தயாராகும் சி.இசட்., அமெரிக்காவின் சாவேஜ் இரண்டும் நியாயமான விலையில் நல்ல போல்ட் ரைபிள் தருபவை. உச்சத்தில் ஜெர்மனியின் அன்ஷூட்ஸ். 1856-இல் தூரிங்கியாவில் தொடங்கி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் எல்லாவற்றையும் இழந்து, ஊல்ம் நகரில் மீண்டும் எழுந்த குடும்ப நிறுவனம் அது. ஒலிம்பிக்கிலும், பனிச்சறுக்கோடு சுடும் பயத்லான் போட்டியிலும் அதன் ரைபிள்களை வரிசையாகப் பார்க்கலாம். பயத்லான் வீரர்கள் 1978 முதல் .22-க்கு மாறினார்கள். மூச்சிரைக்கப் பனியில் ஓடி வந்து, விழுந்து படுத்து, 50 மீட்டரில் 45 மி.மீ. வட்டத்தைச் சுட வேண்டும்!

இப்போது உங்களை மிகவும் வியக்க வைக்கும் பகுதி. நீளமான குழல் என்றால் குண்டு வேகமாகப் போகும் என்றுதானே நினைக்கிறோம்? .22-இல் அப்படி இல்லை! இருப்பது சிட்டிகை மருந்து. குண்டு சுமார் 16 முதல் 19 அங்குலம் நகர்வதற்குள் அதன் தள்ளுவிசை தீர்ந்துவிடும். அதற்குமேல் குழலை நீட்டினால் உராய்வுதான் மிச்சம். போட்டி ரைபிள்களில் நீளம் வைப்பது வேகத்துக்காக அல்ல, குறிமுனைகளுக்கு நடுவே தூரம் கிடைக்கவும் முன்பாரத்தால் ஆட்டம் அடங்கவும்தான்.

இன்னொன்று! வேகமான தோட்டாதானே காற்றுக்குக் குறைவாக விலகும்? இல்லவே இல்லை! ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் .22 குண்டு, ஒலிவேகத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிளம்பும் குண்டைவிடப் பக்கக்காற்றில் அதிகமாகத் தள்ளப்படுகிறது! காரணம் இருக்கிறது. ஒலிவேகத்தைத் தாண்டும் குண்டு காற்றில் அதிர்வலை எழுப்பி, அதிலேயே தன் வேகத்தை வாரி இறைத்துவிடுகிறது. குண்டு எவ்வளவு வேகத்தை இழக்கிறதோ அந்த அளவுக்குத்தான் காற்று அதைத் தள்ளும். மேலும் வழியில் வேகம் குறைந்து ஒலிவேகத்தைக் கடக்கும்போது குண்டு தள்ளாடுகிறது. ஆகவே ஒலிம்பிக் வீரர்கள் வாங்கும் மிக விலையுயர்ந்த தோட்டா, கடையில் கிடைப்பதிலேயே மெதுவானவற்றில் ஒன்று! விநாடிக்குச் சுமார் 325 மீட்டர். 50 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு.

அந்தத் தோட்டாவை அவர்கள் வாங்கும் விதமே தனி. ரைபிளைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போகிறார்கள்! இங்கிலாந்தின் எலே, ஜெர்மனியில் ஷோனபெக்கிலுள்ள லாபுவா சோதனைக்கூடம் போன்ற இடங்களில் ரைபிளை இரும்புப் பிடியில் இறுக்கி, ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் வெவ்வேறு நாளில் தயாரான தொகுதிகளை மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள். ஒரு தொகுதி ஒரே ஓட்டையில் விழும். அடுத்த தொகுதி அதே ரைபிளில் சிதறும். பக்கத்து ரைபிளில் நேர் எதிர்! பெண் பார்ப்பதுபோல ஒவ்வொரு குழலுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். நமக்கு அவ்வளவு வேண்டாம். நான்கைந்து வகைகளில் ஐம்பது ஐம்பது வாங்கி, மணல் மூட்டைமேல் ரைபிளைச் சாய்த்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். மலிவான ஒன்றை உங்கள் ரைபிள் விரும்பக்கூடும். புது ஸ்கோப்புக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள் என்பது என் திடமான கருத்து.

.22 மேக்னம் (1959), .17 ஹெச்.எம்.ஆர். (2002) என்று இன்னும் வேகமான தம்பிகளும் வந்துவிட்டார்கள். பின்னதன் குண்டு ஒரு கிராமைச் சற்றே தாண்டும், வேகமோ விநாடிக்கு 770 மீட்டருக்கு மேல்! ஆனால் விலை கூடுதல், சத்தம் கூடுதல். நிறையச் சுட்டால்தான் கலை வரும் என்பதால், தொடங்குபவருக்கு அவை தேவையில்லை. .22 மேக்னம் தோட்டா .22 லாங் ரைபிளுக்குள் பொருந்தாது, எண் ஒன்றாக இருக்கிறதே என்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

விலையுயர்ந்த சொந்த ரைபிள் இல்லையே என்று ஏங்குபவர்கள் 1956 மெல்போர்ன் கதையைக் கேளுங்கள். படுத்துச் சுடும் 50 மீட்டர் போட்டி. கனடாவின் ஜெரால்ட் வெலெட் தன் அணித்தோழர் கில்மர் போவாவின் ரைபிளை இரவல் வாங்கிப் படுத்தார். அறுபது குண்டு. அறுபதும் பத்து! 600-க்கு 600! தங்கம். இரவல் கொடுத்த போவாவுக்கு வெண்கலம். ஒரே ரைபிளில் இரண்டு பதக்கம்! ஆனால் அளந்து பார்த்தபோது சுடுதளம் ஒன்றரை மீட்டர் குறைவாக அமைந்திருந்தது. தங்கம் நிலைத்தது, உலக சாதனை மட்டும் ஏட்டில் ஏறவில்லை. அந்தப் பத்துப் புள்ளி வட்டம் எவ்வளவு தெரியுமா? இன்றைய கணக்கில் 10.4 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு!

2004 ஏதென்ஸ். அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸின் ரைபிளை யாரோ சில மாதங்களுக்கு முன் வேண்டுமென்றே சேதப்படுத்தியிருந்தார்கள். கல்லூரித் தோழி ஒருவரின் ரைபிளை வாங்கிப்போய்ப் படுத்துச் சுடுவதில் தங்கம் வென்றார். சில நாள் கழித்து, படுத்தும் மண்டியிட்டும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டி. கடைசிக் குண்டு. பெரிய வித்தியாசத்தில் முதலிடம். சுமாராகச் சுட்டாலே இரண்டாவது தங்கம். சுட்டார். திரையில் எதுவும் வரவில்லை! திகைத்துத் திரும்பிப் பார்த்தார். குண்டு பக்கத்துத் தடத்தின் இலக்கில் பாய்ந்திருந்தது! பூஜ்யம். முதலிடத்திலிருந்து எட்டாமிடம். அன்று அவரைத் தேடி வந்து ஆறுதல் சொன்னவர் செக் வீராங்கனை கேத்தரினா குர்கோவா. 2007-இல் அவர்களுக்குத் திருமணம்! 2008 பெய்ஜிங்கில் முழு ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தை வென்றவர் அந்தக் கேத்தரினாதான்! அதே பெய்ஜிங்கில் எம்மன்ஸ் மூன்று நிலைப் போட்டியில் மறுபடி கடைசிக் குண்டில் 4.4 சுட்டுப் பதக்கத்தை நழுவவிட்டார். 2012 லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கியே விட்டார். இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நம் பக்கம் வருவோம். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்றார். அவர் நிறுவிய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்களில் ஒருவர், கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் பெற்றவர். 2024 பாரிஸில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம், சுட்டது நம் .22 லாங் ரைபிள் தோட்டாவை!

ஏர் ரைபிளின் பெல்லட்டைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அச்சு அசல் உடுக்கை! இடை சிறுத்து, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்திருக்கும். அந்தப் பாவாடைதான் காற்றைப் பிடித்துக் குண்டை நேராக நிறுத்துகிறது. எடை சுமார் அரை கிராம், நான்கு குன்றிமணி. பத்து மீட்டரில் அதன் பத்துப் புள்ளி எவ்வளவு பெரிது? 0.5 மி.மீ.! பிள்ளைகள் எழுதும் மெல்லிய பென்சில் முனை. கடுகே அதைவிடப் பெரிது!

இந்தியாவில் .22 லாங் ரைபிள் வைத்துக்கொள்ள 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 4.5 மி.மீ. குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அதனால் நம் ஊரில் தொடங்குபவருக்கு அதுவே இயல்பான முதல் படி. ஆனால் காக்கை, மைனா, அணில் பக்கம் அதைத் திருப்பவே கூடாது. பறவைகளைச் சுடுவது சட்டப்படி குற்றம், மனசாட்சிப்படியும் குற்றம். 2021-இல் அருணாசலப் பிரதேசத்தில் ஓர் இயக்கம் தொடங்கி, காட்டுப் பறவைகள் பிழைக்கட்டும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏர் துப்பாக்கிகளை மக்களே முன்வந்து ஒப்படைத்தார்கள். வணங்க வேண்டிய மனிதர்கள்!

சின்னக் குண்டுதானே என்ற அலட்சியம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து. .22 தோட்டாப் பெட்டியில் என்ன எச்சரிக்கை அச்சிட்டிருக்கும் தெரியுமா? ஒன்றரை மைல், அதாவது 2.4 கி.மீ. வரை அபாயம்! குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படியே தண்ணீரிலும் கல்லிலும் பட்டுத் தெறித்துத் திசை மாறும். 1968-இல் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடியின் உயிரைப் பறித்தது .22 தான். 1953-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பெல்லா ட்வின் என்ற பழங்குடிப் பெண்மணி எதிரே வந்த ராட்சதக் கிரிஸ்லி கரடியை ஒரு முறைக்கு ஒரே தோட்டா ஏற்றும் .22 ரைபிளால் வீழ்த்தினார். எனவே தோட்டா இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் இருப்பதாகவே நினையுங்கள். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே. குழல் ஒருபோதும் மனிதர் பக்கம் திரும்பாமல். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே முதல் குண்டு. கண்ணாடியும் காதடைப்பும் அவசியம். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயத்தூள் சாப்பாட்டில் கலக்கக் கூடாது. வீட்டில் ரைபிளுக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேறொரு பூட்டு.

வாங்குவதை அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் ரைபிள் கிளப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். போவதற்கு முன் இன்றே, இந்தப் பக்கத்தை மூடியதும், கைகளை நீட்டி உங்கள் தலைமைக் கண் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பயிற்சியாளரிடம் அதைச் சொல்லி, கிளப் ரைபிளை வாங்கி, படுத்த நிலையில் ஒவ்வொன்றாக ஐம்பது குண்டு சுடுங்கள். சுட்ட அட்டையைத் தேதி எழுதி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.